தோற்பவனுக்குப் பாடம் சொல்லும் பொறி

ஒரு கச்சேரி நன்றாக இருந்ததா என்று சொல்வதற்கு நமக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். சமையலைப் பற்றிச் சொல்ல நாக்கு போதும். ஆனால் மின்னணு விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்களைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் கை தேர்ந்தவர்கள். எத்தனை இலட்சம் புள்ளிகள் எடுத்தோம், எந்தக் கட்டத்தை ஓர் உயிரும் இழக்காமல் கடந்தோம் என்பதிலிருந்தே அவர்களுடைய விமரிசனம் தொடங்குகிறது. சீக்கிரமாகத் தோற்றுவிடுகிறவனுக்கு அங்கே பேச இடமில்லை.

இது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள். காசு போட்டு ஆடும் பொறிகளில், வல்லவன் ஒரே காசில் நெடுநேரம் ஆடிவிடுவான். மூன்று நிமிடத்தில் தோற்று, சட்டைப் பையைத் துழாவி அடுத்த காசை எடுப்பவன் வல்லவன் அல்லன், நம்மைப் போன்றவன்தான். அந்தப் பொறிகளை வாழவைத்தவன் அவனே. ஆகவே அவன் நின்ற இடத்தில் நின்று அவற்றை ஒருமுறை மதிப்பிட்டுப் பார்ப்பது தகும். அவனுடைய காசுக்கு ஈடாக அந்தப் பொறி ஏதாவது கற்றுக்கொடுத்ததா, அல்லது காசை வாங்கிக்கொண்டதோடு சரியா? இக்கட்டுரையின் கேள்வி இதுதான்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொறி ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. விண்வெளிப் படையெடுப்பாளர்கள் என்பது அதன் பொருள். ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ என்ற பொறியாளர் அமைத்தது. 1978-ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னால் வந்த சுடும் ஆட்டங்களுக்கெல்லாம் இது பாட்டனார் போன்றது. 2013-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. பழைய பொறியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்கள் இன்று வீட்டுக் கணிப்பொறிகளில் கிடைக்கின்றன. நானும் அப்படித்தான் ஆடுகிறேன். பல ஆண்டுகளாக ஆடுகிறேன். பல ஆண்டுகளாகத் தோற்கிறேன். ஆகவே இந்த மதிப்பீட்டை எழுத வேண்டிய தகுதி எனக்கு நிரம்ப உண்டு.

ஐம்பத்தைந்து எதிரிகள்

ஆட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். திரையின் மேற்பகுதியில் 5 வரிசைகள். வரிசைக்கு 11 எதிரிகள். ஆக மொத்தம் 55. மேல் வரிசையில் இருப்பவை கணவாய் மீனைப் போன்ற உருவங்கள். நடு இரண்டு வரிசைகள் நண்டுகள். கீழ் இரண்டு வரிசைகள் ஆக்டோபஸ்கள். மனிதர்களைச் சுடுவது போல ஓர் ஆட்டம் அமைவது சரியல்ல என்று கருதியதால் நிஷிகாடோ கடல் உயிர்களைப் போன்ற இந்த உருவங்களை வரைந்தார்.

கீழே உங்கள் பீரங்கி. அதற்கு முன்னால் 4 அரண்கள். நீங்கள் செய்யக்கூடியவை மூன்றே காரியங்கள்: இடப்பக்கம் நகரலாம், வலப்பக்கம் நகரலாம், சுடலாம். எதிரிக் கூட்டம் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து நகரும். விளிம்பைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கித் திரும்பும். குண்டுகளையும் போட்டுக்கொண்டே வரும். அது தரையைத் தொட்டுவிட்டால், உங்களிடம் எத்தனை பீரங்கிகள் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

கீழ் வரிசை ஆக்டோபஸுக்கு 10 புள்ளிகள், நண்டுக்கு 20, மேல் வரிசைக் கணவாய்க்கு 30. கணக்கிட்டுப் பாருங்கள்: 220-உம் 440-உம் 330-உம் சேர்ந்து 990. அதாவது முதல் அலை முழுவதையும் அழித்தால் 990 புள்ளிகள். அவ்வப்போது மேலே பறந்து போகும் தட்டு ஒன்றை அடித்தால் கூடுதலாகக் கிடைக்கும். என்னுடைய ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்த 990-க்கு இப்பாலேயே முடிந்துவிடுகின்றன என்பதை வெட்கமின்றிச் சொல்லிவிடுகிறேன்.

எதிரி குறையக் குறைய வேகம் கூடுவதேன்?

முதன்முறை ஆடுகிறவன் இரண்டாவது நிமிடத்தில் ஒன்றைக் கவனிப்பான். எதிரிகள் குறையக் குறைய, மிஞ்சியவை வேகமாக ஓடுகின்றன. தாளமும் அதற்கேற்ப விரைகிறது. நான்கே தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளம் அது. இதயத் துடிப்புப் போல மெல்லத் தொடங்கி, கடைசியில் படபடக்கும். ஆட்டத்தைக் கடினமாக்க வேண்டுமென்று யாரோ திட்டமிட்டு இந்த வேகத்தை வைத்தார்கள் என்று தோன்றும். உண்மை வேறு.

இந்தப் பொறியின் மூளை இன்டெல் 8080 என்ற நுண்செயலி. அது விநாடிக்கு 20 இலட்சம் துடிப்புகளில் இயங்கியது. இன்று ஒரு சாதாரணக் கைபேசியில் இருக்கும் செயலி விநாடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளில் இயங்குகிறது என்றால் வேறுபாட்டை ஊகித்துக்கொள்ளலாம். 55 உருவங்களை ஒரே நொடிப்பொழுதில் அழித்து, புதிய இடத்தில் வரைய அந்தச் சிறு மூளையால் முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கப்படும்போதும் ஓர் எதிரி மட்டுமே அடி எடுத்து வைக்கும். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது.

இப்போது கணக்கு எளிது. 55 எதிரிகளும் ஆளுக்கோர் அடி வைத்து முடிக்க 60-இல் 55 பங்கு, அதாவது ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. 11 மட்டும் மிஞ்சினால் 60-இல் 11 பங்கு. விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்றே ஒன்று மிஞ்சினால், திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதுவே அடி எடுத்து வைக்கும். தொடக்கத்தில் இருந்த வேகத்தைவிட 55 மடங்கு! பந்தியில் பரிமாறுகிறவர் ஒருவரே என்றால், இலைகள் குறையக் குறைய ஒவ்வோர் இலைக்கும் அவர் அடிக்கடி வருவார் அல்லவா? அதுபோலத்தான்.

நிஷிகாடோ இதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. ஆனால் கண்டபோது, இது குறையல்ல, ஆட்டத்தின் உயிர் என்று அறிந்துகொண்டு அப்படியே விட்டுவைத்தார். அவருடைய கூர்மை இங்கேதான் தெரிகிறது. இந்த ஆட்டத்தில் கடினத்தை உண்டாக்குகிறவன் ஆடுகிறவனே. நீங்கள் எத்தனை பேரை வீழ்த்தினீர்களோ அத்தனைக்குத்தான் மிஞ்சியவர்கள் விரைகிறார்கள். தோற்பவனுக்கு இது புரிந்துவிடுகிறது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் அவனுக்கு எழுவதில்லை.

தோல்வி சொல்லும் பாடங்கள்

இந்தப் பொறி தரும் முதல் பாடம் பொறுமை. நீங்கள் சுட்ட குண்டு எதையாவது தொடும்வரை அல்லது திரையின் மேல் விளிம்பில் மறையும்வரை அடுத்த குண்டைச் சுட முடியாது. குறி தவறினால் அந்த நேரம் முழுவதும் வெறுங்கையோடு நிற்க வேண்டும். புதியவன் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துவான். பொறி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாலைந்து ஆட்டங்களுக்குப் பிறகு, அருகில் இருக்கும் எதிரியை அடித்தால் குண்டு விரைவில் திரும்பக் கிடைக்கிறது என்று அவனுக்கே விளங்கும். எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இரண்டாவது பாடம் வடிவக் கணிதம். புதியவன் நடுவில் இருப்பவர்களைச் சுட்டுத் தள்ளுவான். கண்ணுக்கு நேரே இருப்பது அதுதானே! ஆனால் கூட்டம் கீழே இறங்குவது எப்போது? ஓரத்தில் இருப்பவன் விளிம்பைத் தொடும்போது. ஓரத்து நெடுவரிசைகளை முதலில் அழித்தால், மிஞ்சிய கூட்டத்தின் அகலம் குறைகிறது, விளிம்பை அடைய அது நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, இறங்குவது தாமதமாகிறது. இதை நான் கண்டுபிடிக்கப் பல நாட்கள் ஆயின. கண்டுபிடித்த அன்று அடைந்த மகிழ்ச்சி, பரீட்சையில் ஒரு கணக்குக்கு விடை வந்தபோது அடைந்த மகிழ்ச்சிதான்.

மூன்றாவது பாடம் முன்கணிப்பு. ஓர் ஒளி தோன்றியதும் விரலை அழுத்த இளைஞர் ஒருவருக்கே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை ஆகிறது. கால் விநாடியில் திரை 15 முறை புதுப்பிக்கப்பட்டுவிடும். ஆகவே தனியாக மிஞ்சிய கடைசி எதிரியைக் கண்டு நீங்கள் பொத்தானை அழுத்துவதற்குள் அவன் 15 அடிகள் போய்விட்டிருப்பான். அதன் பிறகு குண்டு மேலே செல்ல வேறு நேரம் வேண்டும். கண்ட இடத்தில் சுட்டால் ஒருபோதும் படாது. அவன் வரப்போகும் இடத்தைக் கணித்து, அவன் வருமுன் சுட வேண்டும். கைவேகம் இல்லாததால் தோற்கிறோம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எவர் கையும் இதற்குப் போதாது. வல்லவன் நம்மைவிட வேகமானவன் என்பதைவிட, நம்மைவிட முன்னதாகவே தொடங்குகிறவன் என்பதே பொருந்தும்.

அந்தப் பறக்கும் தட்டின் கதையையும் சொல்ல வேண்டும். அதை அடித்தால் கிடைக்கும் புள்ளி ஒருமுறை 50, ஒருமுறை 100, ஒருமுறை 300 என்று மாறும். குருட்டாம்போக்கு என்றே தோன்றும். ஆனால் அது நீங்கள் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 23-ஆவது குண்டால் அடித்தால் 300. அதன் பிறகு ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் 300. பொறியைத் திறந்து பாராமல், எண்ணி எண்ணிப் பார்த்தே ஆடுகிறவர்கள் இதை அறிந்தார்கள். கவனித்தல், ஊகித்தல், சோதித்தல் என்று நம் பாடநூல்கள் சொல்லும் அறிவியல் முறை இதுதான் அல்லவா?

உளவியலார் கண்டது

தோற்பவனுக்கு ஆறுதலான இன்னொரு செய்தி, ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. 1980-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக உளவியலார், மனிதர் கடினமான வேலைகளைக் கற்பது எப்படி என்று ஆராய, ‘ஸ்பேஸ் ஃபோர்ட்ரஸ்’ என்ற சுடும் ஆட்டத்தைத் தாமே உருவாக்கினார்கள். கப்பலை ஓட்ட வேண்டும். கோட்டையைச் சுட வேண்டும். கண்ணிவெடிகளையும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நன்றாகச் செய்ய முயன்றவர்களைவிட, முழு ஆட்டத்தையும் ஆடிக்கொண்டே, இன்று ஓட்டுவதில் கவனம், நாளை சுடுவதில் கவனம் என்று முறை வைத்துப் பழகியவர்கள் மேலான திறமை பெற்றார்கள். இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சி மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தில் 10 மணி நேரம் பயிற்சி அளித்தபோது, அவர்கள் உண்மையான பறத்தலிலும் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்கினார்கள் என்று டேனியல் கோஃபரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1994-இல் வெளியிட்டார்கள்.

நான் இந்த முறையை ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கையாண்டு பார்த்தேன். ஒருநாள் குண்டுகளைத் தவிர்ப்பதில் மட்டும் கருத்து. மறுநாள் ஓரத்து வரிசைகளில் கருத்து. இன்னொரு நாள் அரண்களில். என் அரண்களைப் பாதி தகர்த்தவன் எதிரி அல்லன், கீழிருந்து சுட்ட நானே என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

இன்னொன்று. 1959-இல் கிராஸ்மன் என்ற ஆய்வாளர் சுருட்டு சுற்றும் தொழிலாளர்களை ஆராய்ந்தார். ஆண்டுகள் கடந்தும் அவர்களுடைய வேகம் கூடிக்கொண்டே இருந்தது. ஆனால் கூடும் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. 1981-இல் நியூவெல், ரோசன்புளூம் என்ற இருவர், பற்பல திறமைகளில் இந்த ஒழுங்கு காணப்படுவதை எடுத்துக்காட்டினார்கள். பத்தாவது ஆட்டத்திலிருந்து நூறாவது ஆட்டம்வரை எந்த விகிதத்தில் முன்னேறுகிறோமோ, அதே விகித முன்னேற்றத்துக்கு அடுத்து ஆயிரமாவது ஆட்டம்வரை உழைக்க வேண்டியிருக்கும். இதன் பொருளைக் கவனியுங்கள். கற்பதின் இன்பம் மிகுதியாகக் கிடைப்பது புதியவனுக்கே. வல்லவன் ஒரு மாதம் உழைத்துப் பெறுவதை அவன் ஒரு மாலைப்பொழுதில் பெற்றுவிடுகிறான்.

மற்றப் பொறிகள் எப்படி?

எல்லாச் சுடும் ஆட்டங்களும் தோற்பவனிடம் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. யூஜீன் ஜார்விஸ் அமைத்து வில்லியம்ஸ் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ‘டிஃபெண்டர்’ ஆட்டத்தில் ஒரு கைப்பிடியும் 5 பொத்தான்களும் உண்டு. வல்லவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் கொண்டாட்டத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் புதியவன் எந்தப் பொத்தான் எதற்கு என்று தேடும்போதே செத்துப்போகிறான். எதனால் செத்தான் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. காரணம் தெரியாத தோல்வியிலிருந்து எவரும் பாடம் கற்க முடியாது.

கொனாமியின் ‘கிராடியஸ்’ (1985) வேறு வகை. அதில் வழியெல்லாம் சேர்த்த ஆயுதங்கள் அத்தனையும் ஒரே சாவில் போய்விடும். கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் வெறுங்கையோடு நிறுத்துவார்கள். ஆயுதத்தோடு கடக்க முடியாத இடத்தை ஆயுதமின்றிக் கடக்க வேண்டும்! உள்ளவனுக்கே மேலும் கொடுத்து, இல்லாதவனிடமிருந்து பறிக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் பாராட்ட முடியவில்லை. அழகான ஆட்டம்தான், ஆனால் அதன் அழகில் பாதியை நம் போன்றோர் காணவே முடியாது.

நாம்கோவின் ‘காலாகா’ (1981) நல்ல ஆசிரியர். ஆட்டம் முடிந்ததும், எத்தனை முறை சுட்டீர்கள், எத்தனை பட்டது, நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் பட்டியல் காட்டும். தோற்றவனும் தன் முன்னேற்றத்தை எண்ணாகக் காணலாம். கேவ் நிறுவனத்தின் ‘டோடோன்பாச்சி’ (1997) திரை முழுவதும் குண்டு மழை பொழிந்து அச்சுறுத்தும். ஆனால் உங்கள் விமானத்தின் நடுவிலுள்ள சிறு பகுதியில் பட்டால்தான் சாவு. இறக்கையில் பட்டால் ஒன்றுமில்லை. பார்வைக்குக் கொடியது, பழகினால் அவ்வளவு கொடியதல்ல.

ஸ்பேஸ் இன்வேடர்ஸிலும் குறைகள் உண்டு. ஓர் அலை முடிந்தால் அதே அலை சற்றுக் கீழிருந்து தொடங்கும். புதிய காட்சி எதுவுமில்லை. மேலும் எதிரிகள் தரைக்கு மிக அருகே, கடைசிப் படிக்கு வந்துவிட்டால் அவர்களுடைய குண்டுகள் உங்களைத் தாக்குவதில்லை. ஜப்பானியர் ‘நாகோயா சுடுதல்’ என்று பெயரிட்ட உத்தி இதைப் பயன்படுத்தியதே. வேண்டுமென்றே கூட்டத்தை அங்கே வரவிட்டுச் சுட்டுத் தள்ளுவார்கள். துணிச்சலான உத்திதான். ஆனாலும் நிரலில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நுழைவது, ஆட்டத்தின் அச்சத்தைப் போக்கிவிடுகிறது.

காசு இல்லாத காலம்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். வீட்டுக் கணிப்பொறியில் காசு வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் தொடரலாம். செத்த இடத்திலிருந்து சில விநாடிகள் பின்னோக்கி ஓட்டி, சாவையே இல்லாமல் செய்துவிடும் வசதியும் பல பதிப்புகளில் உண்டு. திறமையற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வசதியைக் கொண்டு சில ஆட்டங்களை முடிவுவரை பார்த்தேன். மறுவாரம் அவற்றை நேர்வழியில் ஆடியபோது, முதல் கட்டத்திலேயே முன்போலச் செத்தேன். அத்தனை கட்டங்களைக் கண்ட கண்ணுக்கு எதுவும் பதியவில்லை. காரணம் எளிது. தவறுக்கு விலை இல்லாதபோது தவறை எவரும் உற்றுநோக்குவதில்லை.

இதற்காக அந்த வசதிகளையே பழிக்க வேண்டியதில்லை. கை நடுங்குகிறவர்களும் கண் மங்கியவர்களும் அவற்றால் இந்த ஆட்டங்களைக் காண முடிகிறதென்றால் மகிழ்ச்சியே. மேலும், வீணை பயில்கிறவர் வராத ஒரு பிடியை மட்டும் எடுத்து நூறு முறை வாசிப்பதைப் போல, கடினமான ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் பழகவும் அவற்றைக் கொள்ளலாம். அது பயிற்சி. அந்த இடத்தைத் தாண்டி ஓடுவதற்கு மட்டும் கொள்வது வேறு. அதில் நமக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

தோல்வியைக் கண்டு நாணுகிறவர்களுக்கு இறுதியாக ஒரு செய்தி. 2015-இல் டீப்மைண்ட் என்ற நிறுவனத்தின் அறிவியலார், பழைய அட்டாரி வீட்டு விளையாட்டுகள் 49-ஐத் தானே ஆடிக் கற்கும் கணிப்பொறி நிரலைப் பற்றி வெளியிட்டார்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸின் வீட்டுப் பதிப்பும் அவற்றில் ஒன்று. பல ஆட்டங்களில் அது மனிதரை வென்றது. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்தையும் கற்க, ஏறத்தாழ 38 நாட்கள் இடைவிடாமல் ஆடுவதற்குச் சமமான அனுபவம் அதற்குத் தேவைப்பட்டது. 2013-இல் வெளியான முந்திய ஆய்வில் இன்னும் வேடிக்கை. அந்த நிரல் வழக்கமாக நான்கு படங்களுக்கு ஒன்றைத்தான் பார்க்கும். இந்த ஆட்டத்தில் குண்டுகள் மினுக்கிக்கொண்டே வருவதால், அப்படிப் பார்த்தபோது அவை அதன் கண்ணில் படவே இல்லை! மூன்றுக்கு ஒன்றாக மாற்றிய பிறகுதான் சரியாயிற்று. குண்டு வருவதைக் காணாமல் நின்று சாவது நமக்கு மட்டும் உரியதல்ல என்பதில் ஒரு சிறு ஆறுதல் இருக்கிறது. மேலும், குண்டுக்கு நேர்கீழே நிற்கக்கூடாது என்பதைக் கற்க உங்களுக்கு 38 நாட்கள் ஆகாது. மூன்று ஆட்டங்கள் போதும்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்த ஆட்டத்தை ஆட வாய்ப்புக் கிடைத்தால், பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி ஓட்டும் வசதியைத் தொடாதீர்கள். நாளைக்கு ஐந்தே ஆட்டங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் எடுத்த புள்ளியையும், எதனால் செத்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்: குண்டைக் கவனிக்கவில்லை, அரணைத் தகர்த்துக்கொண்டேன், கூட்டம் இறங்கிவிட்டது என்று. இரண்டு வாரம் கழித்து அந்த ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே காரணம் பலமுறை எழுதப்பட்டிருக்கும். மறுநாள் ஆட்டத்தில் அதை மட்டும் கவனியுங்கள்.

என் ஏட்டில் அப்படி மிகுதியாக எழுதப்பட்டிருந்த சொற்கள், ‘கடைசி ஆளைத் துரத்தினேன்’ என்பவை. இப்போது துரத்துவதில்லை. ஓரிடத்தில் நின்று, அவன் வரட்டும் என்று காத்திருக்கிறேன். சில நாட்களில் அவன் வந்து குண்டில் மாட்டிக்கொள்கிறான். அன்று 990-ஐத் தாண்டிவிடுகிறேன்.